கல்லைத் துளைக்கும் மெஷின்... நெஞ்சைத் துளைக்கும் தூசு!

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு சித்த மருத்துவர்

உங்கள் தெருவில் யாராவது போர் போட்டதைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரி பத்து மணிக்கு லாரி வந்து நிற்கும். எலுமிச்சம்பழம், கற்பூரம், பூஜை எல்லாம் நடக்கும். அப்புறம் ஆரம்பிக்கும் பாருங்கள், காதைப் பிளக்கும் சத்தம்! விடிந்து எழுந்து பார்த்தால் துளசி மாடத்திலிருந்து ஸ்கூட்டர் சீட்டு வரைக்கும் அரிசி மாவைக் கொட்டினாற்போல ஒரே வெள்ளைப் பொடி.

'சே, என்ன தூசு!' என்று துடைத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எத்தனை இஞ்ச் வந்தது என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. ராத்திரி முழுக்க அந்த மெஷின் பக்கத்தில் நின்றாரே ஒருவர், அவர் மூக்குக்குள் எவ்வளவு போயிற்று என்று நாம் கேட்பதில்லை.

நானும் கேட்டதில்லை. அதுவும் வைத்தியனாக இருந்துகொண்டு கேட்கவில்லை. அதனால் வந்த வினையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று படி ஏற முடியாதவர்

1998-ம் வருஷம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து, கீழ்பென்னாத்தூரில் போர்டு மாட்டி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. சுற்று வட்டாரமெல்லாம் விவசாயம். நெல்லு, கரும்பு, மல்லாட்டை. வருகிற நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் காட்டில் வேலை செய்கிறவர்கள்.

அவரும் அப்படித்தான் வந்தார். வயது 38. பெயர் வேண்டாம். வறட்டு இருமல், கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. வேறு ஓரிடத்தில் 'டி.பி.யா இருக்கும்' என்று சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுத்திருக்கிறார்கள். சளியில் கிருமி ஒன்றும் தெரியவில்லையாம்.

எங்கள் மருத்துவத்தில் நோயறிய எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், குரல், கண், மலம், சிறுநீர் என்று எட்டு. எட்டையும் ஒழுங்காகத்தான் பார்த்தேன். இரைப்பு என்று முடிவு கட்டினேன். ஆடாதொடை மணப்பாகு, தாளிசாதி சூரணம், தூதுவளை நெய் கொடுத்தேன். "குளிர்ந்த பதார்த்தம் வேண்டாம், தயிர் வேண்டாம், பீடியை விடுங்க" என்று பத்தியமும் சொன்னேன்.

இருமல் கொஞ்சம் தணிந்தது. எனக்கும் சந்தோஷம், அவருக்கும் சந்தோஷம். ஆனால் மூச்சுத் திணறல் மட்டும் குறையவே இல்லை. இப்படியே எட்டு மாதம் ஓடியது.

ஒருநாள் அவருடைய மனைவி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். என் கிளினிக் வாசலில் மூன்றே மூன்று படிதான். இரண்டாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே ஓடி வந்து, "விவசாயம் பண்ற உடம்பு, இப்படி ஆகக் கூடாதேம்மா" என்றேன்.

அந்த அம்மா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "ஐயா, பயிர் வேல எல்லாம் இப்ப ரெண்டு வருஷமாத்தாங்க. அதுக்கு முன்ன பதினோரு வருஷம் இவரு மெஷின் புடிச்சாரு. கல்லு மலையில, அப்புறம் கெணத்துக்குள்ள."

எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாதமாக எட்டு விஷயங்களைப் பார்த்த நான், ஒன்பதாவதாக ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. 'இதற்கு முன்னால் என்ன வேலை செய்தீர்கள்?'

அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன். படத்தில் இரண்டு நுரையீரலின் மேல் பகுதியிலும் ஜவ்வரிசியைத் தூவினாற்போலப் புள்ளிகள். கடிதம் கொடுத்து தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே உறுதி செய்தார்கள். சிலிகோசிஸ். கல்தூசு நோய்.

பழங்காலத்து மருத்துவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் வெட்கம். 1700-ம் வருஷத்திலேயே ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர் தொழிலால் வரும் நோய்களைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'உன் தொழில் என்ன?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குப் புத்தி சொன்னவர் அவர்தான். அதற்கும் முன்னால் 1556-ல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்க நூலில், கார்பேத்திய மலைப் பக்கம் ஏழு கணவர்களைச் சுரங்கத் தூசுக்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததாகச் செய்தி இருக்கிறது.

தும்மல் வராத தூசு

அதென்ன கல்தூசு? நாம்தான் தினமும் எத்தனையோ தூசியைச் சுவாசிக்கிறோமே, அதில் இது மட்டும் என்ன விசேஷம்?

கருங்கல்லில் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை குவார்ட்ஸ் என்ற படிகக்கல் இருக்கலாம். அதுதான் சிலிக்கா. கல்லாக இருக்கும்வரை அது பரம சாது. அம்மியாக, ஆட்டுக்கல்லாக, கோயில் தூணாக ஆயிரம் வருஷம் நம்மோடு இருந்தாலும் ஒன்றும் செய்யாது. அதை உடைத்து மிக மிக நுண்ணிய பொடியாக்கினால்தான் ஆபத்து.

எவ்வளவு நுண்ணியது? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாகப் போட்டால் ஒரு கூறுக்குப் பெயர் மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் பருமன். ஆபத்தான கல்தூசு 5 மைக்ரானுக்கும் கீழே. கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பார்க்கிற வெள்ளைப் புகை அடங்கிய பிறகும் அது காற்றில் மிதந்துகொண்டே இருக்கும்.

சமையலறையில் மிளகாய்ப் பொடி பறந்தால் உடனே தும்முகிறோம். மிளகு இடித்தால் இருமுகிறோம். உடம்பு எச்சரிக்கிறது. ஆனால் இந்த நுண்தூசுக்கு உடம்பு பெரிதாகத் தும்மாது, கார்ப்பு இல்லை, வாசனை இல்லை. மூக்கு முடியையும், மூச்சுக்குழாயின் சளியையும் ஏமாற்றிவிட்டு நேரே நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்கார்ந்துவிடும்.

அங்கே நம் உடம்பின் காவல்கார செல்கள் ஓடிவந்து தூசை விழுங்கப் பார்க்கும். கிருமியை விழுங்கினால் ஜீரணம் செய்துவிடும்; கல்லை எப்படி ஜீரணம் செய்வது? விழுங்கிய செல்தான் சாகும். செத்த செல்லிலிருந்து தூசு மறுபடி வெளியே வரும். அடுத்த செல் வந்து விழுங்கும். அதுவும் சாகும். இந்தச் சண்டை நடந்த இடமெல்லாம் தழும்பு கட்டும். காயம் ஆறிய இடத்தில் தோல் கெட்டிப்பட்டுப் போகிறதல்லவா, அதுபோல. பலூன் போல விரிய வேண்டிய நுரையீரல், பழைய சைக்கிள் டியூப் மாதிரி விறைத்துவிடும்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? வேலையை விட்ட பிறகும் இந்தத் தழும்பு வளரலாம். சாதாரணமாகப் பத்து வருஷத்துக்கு மேல் தூசில் நின்றவர்களுக்கு வரும். தூசு ரொம்ப அதிகமென்றால் ஐந்து வருஷத்திலேயே வரும். மூடின இடத்தில் மிக மோசமான தூசென்றால் சில மாதங்கள் போதும்.

அதோடு, தழும்பேறிய நுரையீரலில் டி.பி. சுலபமாகக் குடியேறும். மற்றவர்களைவிட இவர்களுக்கு டி.பி. வரும் வாய்ப்பு பல மடங்கு. போதாததற்கு, இந்தத் தூசு நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-ல் அறிவித்தது.

உளியிலிருந்து மெஷினுக்கு

எங்கள் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. மேற்கே திருவண்ணாமலை, கிழக்கே செஞ்சிக் கோட்டை. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் மகேந்திரவர்ம பல்லவன் செங்கல், மரம், சுண்ணாம்பு இல்லாமல் குடைந்த மண்டகப்பட்டு கோயிலும் செஞ்சிக்கு அந்தப் பக்கம்தான். அதையும் கல்லைக் குடைந்துதானே செய்தார்கள்? அப்போதும் தூசு வந்திருக்குமே?

வந்திருக்கும். ஆனால் உளியும் சம்மட்டியும் எவ்வளவு வேகமாக வேலை செய்யும்! ஒரு ஆள் உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொரு ஆள் சம்மட்டியால் அடிப்பார். கொஞ்ச நேரத்தில் உளி மழுங்கும். கொல்லர் உலைக்குப் போய்ச் சாணை பிடித்து வர வேண்டும். பாதிக்கு மேல் சில்லும் கப்பியும்தான் தெறிக்கும்.

இப்போது கையில் பிடிக்கிற ஜாக் ஹாமரைப் பாருங்கள். இருபது கிலோவுக்குக் குறையாத எடை. டிராக்டரில் பூட்டிய கம்ப்ரசரிலிருந்து ஓஸ் வழியாகக் காற்று வரும். உள்ளே இருக்கும் பிஸ்டன் நிமிஷத்துக்குச் சுமார் 2,000 தடவை ராடின் தலையில் அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் ராடு கொஞ்சம் திரும்பும். ராடின் நுனியில் பிட்டு. அதன் வாயில் டங்ஸ்டன் கார்பைடு என்ற உலோகக் கலவை. பட்டறைகளில் 'விடியா டிப்பு' என்பார்களே, அதுதான். 1920-களில் ஜெர்மனியின் குருப் கம்பெனி வைத்த வியாபாரப் பெயர் அது. 'வைரத்தைப் போல' என்று அர்த்தம். பெயருக்கேற்ற மாதிரி கருங்கல்லை மாவாக அரைத்துத் தள்ளும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வெடி வைக்க அடிக்கிற குழி ஏறக்குறைய 33 மில்லிமீட்டர் அகலம். ஐந்தடி ஆழம் என்று வையுங்கள். அந்தக் குழியிலிருந்து வெளியே வருகிற கல்மாவு சுமார் மூன்றரை கிலோ! ஒரு நாளைக்கு இருபது குழி அடித்தால் 70 கிலோ. வீட்டில் போடுகிற ஆறரை அங்குல போர் என்றால் ஒரே ஒரு அடி இறங்குவதற்குள் 17 கிலோ. அவ்வளவும் மெஷின்காரர் முகத்துக்கு நேரே வருகிறது. கருவியின் வேகம் கூடியது, தூசு நுணுக்கமானது. மனிதனுடைய மூக்கு மட்டும் பல்லவர் காலத்து மூக்குதான்.

கூடவே இரண்டு பக்க வினைகளையும் சொல்லிவிடுகிறேன். ஜாக் ஹாமர் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காது மந்தமாகும். ஓயாத அதிர்வால் விரல்கள் மரத்துப்போகும், ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். 1918-லேயே அமெரிக்காவின் இண்டியானா கல்குவாரித் தொழிலாளர்களிடம் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் இதைக் கண்டுபிடித்து எழுதினார். 'வாதம்' என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிற பலருக்கு, உண்மையில் இது மெஷின் கொடுத்த நோவு.

வைரத்துக்குத் தண்ணீர், மனிதனுக்கு?

சரி, இந்தத் தூசை அடக்க வழியே இல்லையா? இருக்கிறது. வெறும் தண்ணீர்!

ஜாக் ஹாமர் ராடைக் கையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் நீளவாக்கில் ஒரு சின்ன ஓட்டை தெரியும். காற்று அந்த ஓட்டை வழியாகக் கீழே போய், மாவை ஊதி வெளியே தள்ளுகிறது. அதற்கென்று அமைந்த மெஷினில் அதே ஓட்டை வழியாகத் தண்ணீரும் விடலாம். அப்படி விட்டால் மாவு சேறாக வழிந்து வரும், பறக்காது.

இது ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த லெய்னர் என்பவர் 1890-களின் கடைசியில் ஓட்டை ராடு போட்ட டிரில்லைச் செய்தார். முதலில் காற்றைத்தான் விட்டார். சுரங்கத்துக்குள் தூசு தாங்காமல் தொழிலாளிகள் மெஷினைத் தொட மறுத்தார்கள். பிறகு காற்றோடு தண்ணீரையும் விட்டார். தூசு அடங்கியது. தண்ணீர் இல்லாத டிரில்லுக்கு அந்தக் காலத்துத் தொழிலாளிகள் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'விதவையாக்கி'!

ஆனாலும் மனிதன் கற்றுக்கொண்டானா? 1930-31-ல் அதே அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் சுரங்கப்பாதை போட்டார்கள். பாறை ஏறக்குறைய முழுக்க முழுக்க சிலிக்கா. அவசரம், சிக்கனம் என்று உலர் டிரில் ஓட்டினார்கள். நூற்றுக்கணக்கான பேர், பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள், ஓரிரு வருஷங்களிலேயே மூச்சுத் திணறி இறந்தார்கள்.

நம் கதைக்கு வருவோம். கோலார் தங்கவயலுக்கு இந்த வட ஆற்காட்டுப் பக்கமிருந்து எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கப் போயின. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி, 2001-ல் மூடுகிற வரைக்கும் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் தாண்டித் தோண்டினார்கள். 1940-களில் அங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. நம் வீட்டுத் தாலியில் மின்னுகிற பழைய தங்கத்தில் ஒரு குந்துமணியாவது அந்த நெஞ்சுகளிலிருந்து வந்திருக்கும்.

நீங்கள் சின்ன வயதில் பலப்பம் கடித்தவரா? மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் என்ற ஊரில், மின்சார ரம்பத்தால் கல்லை அறுத்துப் பலப்பம் செய்தவர்களை 1980-களில் பரிசோதித்தார்கள். பாதிப் பேருக்கும் மேல் இந்த நோய்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரானைட் குவாரியில் பெரிய பாளத்தை அறுக்க 'வயர் சா' வந்திருக்கிறது. எஃகுக் கம்பியில் வைரத் துணுக்குப் பதித்த மணிகளைக் கோத்து, கல்லைச் சுற்றி ஓட்டுவார்கள். கல்லறுக்கும் ஃபாக்டரியிலும் வைரப் பல் வைத்த பிளேடுதான். இரண்டிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். ஏன்? தண்ணீர் இல்லாவிட்டால் சூட்டில் வைரம் சீக்கிரம் தேய்ந்து போகும். பிளேடு விலை அதிகம்!

விடியா பிட்டுக்கோ காற்றே போதும். தண்ணீர் இல்லாமலும் ஓடும். ஆக, கருவிக்குத் தண்ணீர் தேவைப்பட்டால் மனிதனும் கூடவே பிழைக்கிறான். கருவிக்குத் தேவைப்படாவிட்டால் மனிதனுக்காக யாரும் தண்ணீர் விடுவதில்லை.

என் நோயாளியிடம் இதைக் கேட்டேன். சிரித்தார். சிரிக்கும்போதே இருமல் வந்துவிட்டது. "கெணத்துக்குள்ள காலடியில தண்ணி ஊறிக்கினே இருக்கும் ஐயா. அத மோட்டார் வெச்சி எறச்சிப்புட்டுத்தான் குழி அடிப்போம். தண்ணி வுட்டு அடிச்சா சேறு ஆவும், வேல மந்தமாப்பூடும். எங்களுக்கு அடிக் கணக்குல கூலி. யாரு வுடுவா?"

2000-ல் அவர் போய்விட்டார். நாற்பது வயது.

என்னிடம் மருந்து இருக்கிறதா?

நேர்மையாகச் சொல்கிறேன். இல்லை. என்னிடம் மட்டுமில்லை. எந்த மருத்துவ முறையிலும், ஏற்பட்டுவிட்ட தழும்பை அழிக்கிற மருந்து இன்றுவரை இல்லை.

ஆடாதொடை சளியை இளக்கும். தூதுவளையும் தாளிசாதியும் இருமலைத் தணிக்கும். நோயாளிக்கு ராத்திரி நாலு மணி நேரம் தூக்கம் வந்தால் அது பெரிய விஷயம்தான். ஆனால் இருமல் தணிந்ததும் 'குணமாகிறது' என்று நினைத்து, எக்ஸ்ரே எடுக்காமல் நாளைக் கடத்துவதுதான் நான் செய்த தப்பு. அதை நீங்கள் செய்யாதீர்கள். 'நுரையீரலில் உள்ள கல்லைக் கரைக்கும் பற்பம், செந்தூரம்' என்று யாராவது விற்றால் காசையும் உடம்பையும் காப்பாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

செய்யக் கூடியவை இவைதான். முதலில் தூசிலிருந்து வெளியே வருவது. பீடி, சிகரெட்டை அடியோடு விடுவது. டி.பி. இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நுரையீரல் எவ்வளவு காற்று பிடிக்கிறது என்று ஊதிப் பார்க்கும் சோதனை. டாக்டர் சொன்னால் ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள், இன்ஹேலர், முற்றிய நிலையில் ஆக்ஸிஜன். இன்றைக்குத் தாம்பரம் சானடோரியத்தில் நெஞ்சக மருத்துவமனையும் இருக்கிறது, 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. இரண்டு வைத்தியமும் ஒரே ஊரில் இருக்கும்போது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதில் எனக்கு எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

இன்னொன்று. சிலிகோசிஸ் சட்டப்படி தொழில்நோய். தொழிலாளிக்கு நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு. ஆனால் எங்கே, எத்தனை வருஷம், என்ன மெஷினில் வேலை செய்தார் என்பது மருத்துவச் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். 'இருமல், மூச்சுத் திணறல்' என்று மட்டும் எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

உங்கள் வீட்டிலும் இருக்கிறது அந்த மெஷின்!

'நாங்கள் ஆபீஸ் போகிறவர்கள், இதெல்லாம் எங்களுக்கெதற்கு?' என்கிறீர்களா? வீடு கட்டியிருக்கிறீர்களா? சமையல் மேடைக்குக் கிரானைட் போட்டீர்களா? டைல்ஸ் மாற்றினீர்களா? அப்போது உங்கள் வீட்டுக்குள்ளேயே கல்லறுக்கும் மெஷின் ஓடியிருக்கிறது. கையில் பிடிக்கிற கட்டிங் மெஷினால், ஸிங்க்குக்கு ஓட்டை போட, ஓரம் தேய்க்க, கதவைச் சாத்திக்கொண்டு உலர்வாக அறுத்திருப்பார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பையன். முகத்தில் ஒரு கைக்குட்டை.

இப்போது கிரானைட்டுக்குப் பதிலாகச் செயற்கைக் குவார்ட்ஸ் பலகை பிரபலமாகி வருகிறது. அதில் பெரும்பாலானவற்றில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல். அதை அறுத்த இளைஞர்களுக்கு வரிசையாக நோய் வந்ததால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இந்தப் பலகைக்கே தடை போட்டுவிட்டது.

நீங்கள் செய்யக் கூடியவை:

1. கல், டைல்ஸ் அறுப்பதை வெட்டவெளியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அளவு கொடுத்துக் கடையிலேயே தண்ணீர் மெஷினில் அறுத்து வாங்கினால் இன்னும் நல்லது.

2. தண்ணீர் விட்டு அறுப்பதற்கென்றே செய்த மெஷின் இருக்கிறது. சாதாரண கரண்ட் மெஷினில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், ஷாக் அடிக்கும்! எந்த மெஷினானாலும் கரண்ட் கசிந்தால் தானே அணைகிற பிரேக்கர் வழியாகத்தான் இணைப்பு கொடுக்க வேண்டும்.

3. கைக்குட்டை, துண்டு, முந்தானை எதுவும் இந்தத் தூசைத் தடுக்காது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்துகிற என்-95 மாஸ்க் வேண்டும். சில பாக்கெட் வாங்கிக் கொடுங்கள். வீடு கட்டுகிற செலவில் அது ஒரு செலவா?

4. வேலை முடிந்ததும் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். படிந்த தூசு மறுபடி எழும். ஈரத்துணியால் துடையுங்கள்.

5. போர் போடும்போதும், கிணறு ஆழப்படுத்தும்போதும் குழந்தைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். ஜன்னலைச் சாத்துங்கள். வேலையைப் பேசும்போதே 'தண்ணீர் விட்டு அடிப்பீர்களா?' என்று கேளுங்கள்.

6. குவாரி, கிரஷர், கிணறு வெட்டு, டைல்ஸ் வேலை செய்கிறவர்கள் உங்கள் குடும்பத்திலோ தெரிந்தவர்களிலோ இருந்தால் வருஷம் ஒரு தடவை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து குளித்து, உடை மாற்றி வீட்டுக்குள் வரட்டும். தூசுத் துணியை உதறாமல் தனியே நனைத்துத் துவைக்க வேண்டும்.

வழக்கமாக என்னிடம் கேட்பவை

வெல்லம் சாப்பிட்டால் தூசு வெளியே வந்துவிடுமாமே?

குவாரிகளில் இது பரவலான நம்பிக்கை. வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிடுவதில் தப்பில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் அவை போவது வயிற்றுக்கு, தூசு போவது நுரையீரலுக்கு. வெல்லத்தை நம்பி மாஸ்க்கை விட்டுவிடக் கூடாது.

ஒருநாள் டைல்ஸ் தூசு சுவாசித்துவிட்டேன். எனக்கும் வருமா?

பயம் வேண்டாம். வருஷக்கணக்கில் தினமும் தூசில் நிற்கிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது. நீங்கள் ஒருநாள் இருமிய அந்தத் தூசில் அந்தப் பையன் தினமும் நிற்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இது தொற்றுமா?

சிலிகோசிஸ் தொற்றாது. கூடச் சேர்ந்து வருகிற டி.பி. தொற்றும். அதனால்தான் சளிப் பரிசோதனை அவசியம்.

கடைசியாக ஒன்று

அந்த 1998-க்குப் பிறகு என் நோயாளிச் சீட்டை மாற்றி அச்சடித்தேன். பெயர், வயதுக்குக் கீழே 'தொழில்: இப்போது... முன்பு...' என்று ஒரு வரி. இன்றுவரை அதை நிரப்பாமல் நான் நாடியில் கை வைப்பதில்லை. நீங்களும் எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், அப்பாவின் பழைய வேலை என்ன என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

அந்த நோயாளியின் மகனும் இப்போது கம்ப்ரசர் வண்டி வைத்திருக்கிறார். "வேற வேல தெரியாதுங்க ஐயா" என்றார். வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறார். இதுவரை சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் விடுகிற மாதிரி மெஷினாகப் பார்த்து வாங்கி, வண்டியில் ஒரு டிரம் வைத்து, குழாய் இழுத்து இணைத்திருக்கிறார். வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறதாம்.

போன மாதம் வந்தபோது சொன்னார். "தண்ணி வுட்டு அடிக்கறதால அடிக்குக் கொஞ்சம் கூடக் கேக்கறேன் ஐயா. சில பேரு குடுக்கறாங்க. சில பேரு, வேற வண்டி பாத்துக்கறோம்னு பூட்றாங்க."

வாசகர்களே, உங்கள் வீட்டில் போரோ, கிணறோ, சமையல் மேடையோ எதுவானாலும் சரி. அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கிறவர்கள் பக்கம் நீங்கள் இருங்கள்.